எலி வழியாகப் போன படையல்

போன மாதம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மூன்றாவது வீட்டுக்காரரின் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பாம்பு புகுந்துவிட்டது. ஈப்போவில் இப்போது பாம்பு வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பொம்பாவுக்குப் போன் அடிப்பது. தீயணைப்புக்காரர்கள் வந்து, நீளக் கம்பின் முனையில் இருக்கும் சுருக்கைப் போட்டு, பாம்பைச் சாக்கில் இறக்கி, தெருவே கைப்பேசியில் படம் எடுத்து முடித்த பிறகு புறப்பட்டுப் போவார்கள். அன்றும் அப்படித்தான். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்த மலாய் இளைஞரிடம் போய், வயிறு புடைத்திருந்ததா, என்ன தின்றிருக்கும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் பாம்பு கடிக்குமான்னு கேக்குறாங்க. நீங்க மட்டுந்தான் அது சாப்டுச்சான்னு கேக்குறீங்க" என்றாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இந்தக் கேள்வி எனக்குள் புகுந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்தப் பொம்பா வந்தும் அதைப் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை. எப்படிப் புகுந்தது என்று உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசராக வேலைக்குச் சேர்ந்தேன். டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கட்டி மேய்க்கிறவர். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, கத்தி வெட்டுக்குக் கட்டுப் போடுவது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சாக்கடையை எட்டிப் பார்ப்பது, குழந்தைகள் இருக்கும் கொட்டகை சுத்தமாக இருக்கிறதா என்று சோதிப்பது எல்லாம் என் தலையில். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். நான் ஈப்போவில் பிறந்து தார் ரோட்டில் வளர்ந்தவன். பாம்பை அதற்கு முன் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு ஓர் அம்புக்குறி, வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு ஒன்று, தவளையிலிருந்து பாம்புக்கு, பாம்பிலிருந்து பருந்துக்கு. அந்த அம்புக்குறிகளில் எனக்கு அபார நம்பிக்கை.

தோட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாம்புப் பாடம் மூக்கு வழியாக வந்தது. சேர்ந்த வாரம், பொழுது சாய்கிற நேரம், என் குவாட்டர்ஸ் வாசலில் நின்றபோது உருளைக்கிழங்கு வேகிற வாசனை வந்தது. தோட்டக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். "உள்ள போயிருங்கய்யா. நல்ல பாம்பு கொட்டாவி விடுது" என்றார். நான் படித்தவன், அறிவியல் மாணவன், அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் உள்ளே போய் எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவிடுக்கில் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைத் திணித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டு ஆபீஸ் கிராணியின் மனைவி ஒரு கிண்ணம் உருளைக்கிழங்குப் பிரட்டல் கொடுத்தனுப்பினார். நேற்று அவித்த கிழங்கு மிஞ்சிவிட்டதாம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வேகும்போது நான் ஒரு தடவை தரையைப் பார்த்துக்கொள்வேன்.

செத்த பாம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது அங்கே பழைய வழக்கம். யாரையாவது கடித்தால் எந்தப் பாம்பு என்று தெரிய வேண்டும் என்பதற்காக எப்போதோ ஆரம்பித்திருக்கிறார்கள். பிறகு கடித்தாலும் கடிக்காவிட்டாலும், அடித்த பாம்பையெல்லாம் கம்பில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து என் வாசலில் போட்டுவிட்டு, "விசமா ஐயா?" என்று கேட்பார்கள். எனக்கு முன் இருந்த டிரசர்கள் எட்டிப் பார்த்து, தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

முதல் பாம்பின் வயிற்றில் ஓர் எலி இருந்தது. தலை முன்னால் போயிருந்தது, வால் கடைசியில். இரண்டாவதில் மூன்று தவளைகள், ஒன்று முழுசாக, மற்ற இரண்டும் பாதிக் கூழாக. மூன்றாவதில் எதுவுமே இல்லை. பட்டினி கிடந்ததைப் போய் அடித்திருக்கிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஒருநாள் ராஜநாகம் ஒன்றை இரண்டு பேர் தோளில் காவிக்கொண்டு வந்தார்கள். அறுத்தால் உள்ளே இன்னொரு பாம்பு. அதையும் அறுத்தேன், அதற்குள் ஓர் எலி. எலியையும் அறுத்துப் பார்த்திருப்பேன், அதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

கூட்டம் கூடிவிடும். "எலிதான்லா" என்பார் ஒருவர். "இல்ல மச்சான், கோழிக்குஞ்சு. என் வீட்டுல நேத்து ரெண்டு காணோம்" என்பார் இன்னொருவர். மலைப்பாம்பு கிடைத்தால் மட்டும் என் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை. சீனக் கடைக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்து லாரியோடு வந்துவிடுவார், ஈப்போவில் சூப்பு வைப்பதற்கு. பள்ளிக்கூடத்து உணவுச் சங்கிலியில் பருந்துக்கு மேலே மனிதனையும் அவன் சூப்புக் கிண்ணத்தையும் வரைய வாத்தியார் மறந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. தோட்டத்தில் எனக்குப் பாம்பு டிரசர் என்று பெயர் விழுந்தது. லீவில் ஈப்போவுக்குப் போனால் அம்மா என் பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார், அடுப்படிக்கு விடமாட்டார்.

"பாம்பு வெட்டின கையோட குசினிக்குள்ள வராதை. இவ்வளவு படிச்சுப்போட்டு உனக்கு ஏன் இந்த விசர் வேலை?"

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எலி, தவளை, பல்லி, ஓணான், பாம்பு. பால் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் பாம்பின் சாப்பாடு பாலும் முட்டையும்தான். அதற்கு அவர்களிடம் சாட்சியும் இருந்தது. ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த புற்றில் வெள்ளிக்கிழமைதோறும் வைக்கிற பாலும் முட்டையும் பொழுது சாய்வதற்குள் காலியாகிவிடும். இதற்கு என் நோட்டில் பதில் இல்லை.

ஆயாக்கொட்டகை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியும் முன்னே காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரம் சீவப் போகும் தாய்மார்கள், தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பலகைக் கொட்டகை அது. உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். உள்ளே நுழைந்தால் மூத்திரமும் பவுடரும் புளித்த பாலும் கலந்த ஒரு வாசனை. எனக்கு அது பிடிக்கும் என்று அப்போது யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மத்தியானம் தாய்மார்கள் ரப்பர் நாற்றம் வீசும் உடுப்போடு ஓடிவந்து அள்ளிக்கொள்ளும்வரை பதினொரு குழந்தைகளும் பாப்பாத்தி அக்காவின் பொறுப்பு. அவர்தான் அங்கே ஆயா.

பாப்பாத்தி அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, பேசினால் நமக்குப் பதில் வராது. அவரும் முன்பு மரம் சீவியவர்தான். நான் வருவதற்கு ஐந்தாறு வருடம் முன்னால் அவருடைய ஒரே மகள் செல்வி, மூன்று வயதுக் குழந்தை, இதே கொட்டகையில் காய்ச்சலோடு படுத்திருந்து, தாய் வேலையிலிருந்து வந்து சேர்வதற்குள் போய்விட்டாள். காரியம் முடிந்த கையோடு பாப்பாத்தி அக்கா நேராக ஆபீசுக்குப் போய், இனிமேல் தனக்கு ஆயா வேலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் பத்தடி தள்ளி, வெட்டிப்போட்ட ஒரு மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றி அந்தப் புற்று வளர்ந்திருந்தது. செல்வி இறந்து ஒரு வருடம் ஆன அன்று, அவளுக்குப் படையல் போட்ட நேரத்தில், புற்றிலிருந்து ஒரு நல்ல பாம்பு தலையை நீட்டிப் பார்த்ததாம். அன்றிலிருந்து தோட்டத்துக்கு அது நாகம்மா. மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். பாப்பாத்தி அக்காவுக்கு மட்டும் அது செல்வி. வாரத்துக்கு ஒரு தடவையாவது அதன் தலையைப் பார்த்துவிட்டால் அவர் முகமே வேறாக இருக்கும். பாலும் சோறும் வைப்பார், தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி வைப்பார், அவித்த முட்டை வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது நான் என் அறிவைக் காட்டினேன்.

"ஏன்க்கா, பாம்பு முட்டைய முழுசாத்தான முழுங்கும்? எதுக்கு உரிக்கிறீங்க?"

"அவளுக்கு உரிக்கத் தெரியாதுங்கய்யா" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் புற்றைப் பற்றி நான் கிண்டலாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஆவல் அடங்கவில்லை, அதுதான் என்னோடு பிறந்த கோளாறு. அவர் நம்பிக்கை என் நம்பிக்கை எல்லாம் கிடக்கட்டும், அந்தப் பாம்பு உண்மையில் எதைச் சாப்பிடுகிறது? காலையில் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் கொட்டகையின் பின்பக்க ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "உக்காருங்க. சத்தம் மட்டும் போடக் கூடாது, பிள்ளைங்க தூங்குது" என்றார்.

மூன்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். பாலுக்கு முதலில் எறும்பு வந்தது, பிறகு ஒரு பூனை. சோற்றை மைனாக்கள் கொத்தின. முட்டையைத் தூக்கியது ஒரு பியாவாக், அதாவது நம் உடும்புக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும் ஒரு பிராணி. அது ஆடி அசைந்து வந்து, நாக்கை நீட்டி, தலையை உயர்த்தி முட்டையை விழுங்கிவிட்டு, நன்றி சொல்லாமல் போயிற்று. ரொட்டிக்கு எலிகள் வந்தன, பட்டப்பகலில், பயமே இல்லாமல். பாம்பு ஒரே ஒரு தடவை வெளியே வந்தது. கறுப்பாக, என் மணிக்கட்டு அளவு தடிமன் இருக்கும். பால் கிண்ணத்தின் மேலேயே ஊர்ந்து போயிற்று, குனிந்துகூடப் பார்க்கவில்லை. எலிகள் போன பக்கமாகப் போய்ப் புல்லுக்குள் மறைந்தது. நான் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில் ஒருநாள் காலை, சரசு என்கிற பெண் தன் ஏழு மாதக் குழந்தையைக் கொண்டுவந்து விடும்போது, கொட்டகைப் படியில் பாம்பு கிடப்பதைப் பார்த்து அலறிவிட்டாள். அது பாட்டுக்குப் போய்விட்டது. ஆனால் தாய்மார்கள் பயந்துவிட்டார்கள். பிள்ளைகள் இருக்கிற இடம். அடிக்கவும் மனசு வராது, நாகம்மா. கங்காணிதான் வழி சொன்னார். "அம்மாவுக்குப் பசி. அதான் வெளிய வந்து சுத்துது. எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம் வைங்க, வயிறு நெறஞ்சா புத்துக்குள்ளயே இருந்துக்கும்."

பயந்த மனசுக்கு இது எவ்வளவு சரியாகப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மறுநாளிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, தினமும் படையல். பதினொரு தாய்மாரும் வேலைக்குப் போகிற வழியில் ஆளுக்கொரு பிடி சோறு, ஒரு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பத்தே நாளில் கொட்டகைக் கூரையில் எலி ஓடத் தொடங்கியது. பிள்ளைகளின் பால்புட்டி ரப்பரைக் கடித்து வைத்தது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் இருந்தது, பாதி. மேனேஜரிடம் சொன்னால் ஆளை அனுப்பிப் புற்றில் டீசலை ஊற்றிக் கொளுத்தச் சொல்லிவிடுவார், பாப்பாத்தி அக்கா தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, பாம்பு சாப்பிடுவதை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அதற்காகவே வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி சுமாருக்கு. நான் ஜன்னலோரம் புற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாம் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பின்னால் 'கீச்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. திரும்பினேன். சரசுவின் குழந்தை படுத்திருந்த தொட்டிலுக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், அந்தக் கறுப்புப் பாம்பு. அதன் வாயில் ஓர் எலி. தொட்டிலின் அடித் துணிக்கும் பாம்பின் தலைக்கும் நடுவே இரண்டு சாண்கூட இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டேன். பாம்பு டிரசர்! பாப்பாத்தி அக்கா தொட்டிலுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றார். துடைப்பத்தை எடுக்கப் போனவரை நான் சைகையால் தடுத்தேன். அந்த ஜாதிப் பாம்பு கண்ணைக் குறிபார்த்து விஷத்தைத் துப்பும். ஏற்கெனவே இரண்டு பேருக்கு நான் கண் கழுவி விட்டிருக்கிறேன். கலைத்தால் எலியைக் கக்கிவிட்டுத் தலையைத் தூக்கும்.

"அசையாதீங்கக்கா. வாயில எலி இருக்கிற வரைக்கும் துப்ப முடியாது" என்றேன்.

அவர் குழந்தையைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார். பிறகு பாம்பிடம் மெல்லச் சொன்னார். "சாப்டு. நீ மெதுவா சாப்டு. அம்மா தம்பியத் தூக்கிக்கிறேன்."

அந்தக் கொட்டகையில் ஒரு பக்கம் பாம்பு எலியை முழுங்க, இன்னொரு பக்கம் பாப்பாத்தி அக்கா ஒரு கையைத் தொட்டிலுக்குள் விட்டார். முதலில் தலைக்குக் கீழே, பிறகு இடுப்புக்குக் கீழே. கயிறு கிறீச்சிடாமல், சேலை ஆடாமல், குழந்தை விழிக்காமல் தூக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பாம்பின் தாடை ஒரு பக்கம் முன்னால் நகரும், பிறகு மறுபக்கம் நகரும், எலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். நான் இத்தனை பாம்பை அறுத்தும் தெரிந்துகொள்ளாத ஒன்றை அப்போது பார்த்தேன். பாம்பு எலியை இழுப்பதில்லை, எலியின் மேல் நடந்து போகிறது, வாயால். பயத்தைவிட ஆவல்தான் எனக்குக் கூடுதலாக இருந்தது. கடைசியில் வால் மட்டும் வெளியே தொங்கியது. அதற்குள் குழந்தை அக்காவின் தோளில் இருந்தது. பாம்பு தாடையை இரண்டு தடவை அசைத்துச் சரிசெய்துகொண்டு, பலகை இடுக்கு வழியாக, புடைத்த வயிறு கொஞ்சம் சிக்கி, வெளியே போயிற்று. குழந்தை விழிக்கவே இல்லை.

நான் பெஞ்சிலிருந்து இறங்கினேன். அக்கா குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே கேட்டார்.

"மூணு வாரமா ஒக்காந்து பாத்தீங்களே. நா வைக்கிற பால யாரு குடிக்கிறா?"

"எறும்புக்கா. பூனையும்."

"முட்டைய?"

"பியாவாக்."

"ரொட்டிய?"

"எலி."

"எலிய?"

நான் தொட்டிலுக்கு அடியில் எலி கிடந்த இடத்து ஈரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இவ" என்றார்.

பிறகு அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "அப்ப, நா வச்சது இவ வயித்துக்குத்தான் போயிருக்கு."

"ஆமாக்கா. எலி வழியா."

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவர் தொட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்ததை அவரே சொன்னார். "நா வைக்கிறதுனாலதான் எலி வருது. எலி வாரதுனாலதான் இவ இங்க வாரா. வைக்கலன்னா?"

"எலி போயிரும்."

"இவ?"

"சாப்பாடு இல்லாத எடத்துல பாம்பு தங்காதுக்கா."

அவர் தலையை ஆட்டினார். தோளில் இருந்த குழந்தையின் முதுகில் கை தட்டிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் தாய்மார்கள் வந்தார்கள். மறைக்க முடியவில்லை, மறைக்கவும் கூடாது. சரசு குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் மம்பட்டியோடு வந்தான். இரண்டு பேர் கம்போடு வந்தார்கள். "நாகத்த அடிச்சா ஏழு தலமொற தாங்காதுடா" என்று கங்காணி குறுக்கே நின்றார். "இன்னும் பசி அடங்கல, அதான். வார வெள்ளிக்கு எல்லாரும் சேர்ந்து பெரிய படையலா போட்டுருவோம்." ஒரு கட்சி அடி என்றது, ஒரு கட்சி படை என்றது. இரண்டில் எது நடந்தாலும் விபரீதம்தான். அறிவியல் பேச நான் வாயைத் திறந்தேன், யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

"படையல் வேணாம்" என்றார் பாப்பாத்தி அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாகம்மா கனவுல வந்துச்சு. ஒரு மண்டலம் வெரதம் இருக்கப் போறேன், சோறு தண்ணி எதும் வைக்கக் கூடாது, மஞ்சளும் பூவும் போதும்னு சொல்லிச்சு."

"எப்ப வந்துச்சு? எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றார் கங்காணி.

"இப்பதான சொல்றேன்."

கங்காணி என்னைப் பார்த்தார். நான் டிரசர் என்கிற பதவியின் முழு கௌரவத்தோடு, விரதம் உடம்புக்கு நல்லதுதான் என்று சான்று கொடுத்தேன். நாகம்மாவே விரதம் இருக்கும்போது யார் சோறு வைப்பார்கள்? மம்பட்டி திரும்பிப் போயிற்று. செல்வியின் தாய் சொன்னால் அது பொய்யாக இருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

மேனேஜரிடம் எலித் தொல்லை என்று மட்டும் சொல்லிப் பொறிகள் வாங்கி வைத்தேன். பலகை இடுக்குகளைத் தகரம் வைத்து அடைத்தோம். அக்கா தினமும் காலையில் புற்றைச் சுற்றிக் கூட்டி, ஒரு பருக்கை இல்லாமல் பொறுக்கிப் போட்டுவிட்டு, நாலு செம்பருத்திப் பூவை வைப்பார். ஒரு வாரத்தில் கூரை அடங்கியது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, நான் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வரும்போது அவர் கொட்டகைக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். பாம்பு வெளியே வந்திருந்தது. முன்பு பால் கிண்ணம் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பிறகு ஓடை இருக்கிற பள்ளத்தை நோக்கிப் போகத் தொடங்கியது.

"ஒண்ணும் வைக்கலன்னு பாத்துட்டுப் போறா ஐயா" என்றார். "பசியோட போறா."

அவர் அழுவதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆறுதல் சொல்ல எனக்கு என்ன தெரியும்? பாம்பின் வயிற்றில் இருப்பது மட்டும்தான் தெரியும். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, அங்கே தவளை நிறைய இருக்கிறது என்றேன்.

"தவளை சாப்பிடுவாளா?"

"சாப்பிடும்க்கா. நானே அறுத்துப் பாத்திருக்கேன். எலி கெடைக்காதப்ப தவளதான்." கையிலிருந்த நோட்டைப் பிரித்து அவருக்குப் படித்தும் காட்டினேன். இந்தத் தேதியில் மூன்று தவளை, இந்தத் தேதியில் இரண்டு. அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இது என்ன? இது?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

மண்டலம் முடிந்தது. படைக்கலாமா என்று தாய்மார்கள் கேட்டதற்கு, அம்மா விரதத்தை நீட்டிவிட்டதாக அக்கா சொல்லிவிட்டார். பாம்பு பிறகு வரவில்லை. மத்தியானம் பிள்ளைகளை ஒப்படைத்த பிறகு அவர் புற்றின் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் லயத்துக்குப் போவார். நான் அங்கே இருந்த மூன்று வருடமும் அதைப் பார்த்தேன். ஒருநாளும் அவர் கையில் எதையும் கொண்டுபோகவில்லை. அந்தப் பதினொரு பிள்ளைகளும் நடக்கப் பழகி, ஓடப் பழகி, பின்னாளில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். எதனால் தாங்கள் முழுசாக இருக்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

எண்பதுகளில் நான் ஈப்போவுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், பாதி ஜனம் ஈப்போப் பக்கம் புந்தோங்குக்கும் லகாட்டுக்கும் குடிவந்தது. ஒருநாள் புந்தோங்கில் கோயில் பக்கம் பஸ்ஸுக்காக நிற்கும்போது, கச்சான் வறுக்கிற கடை ஒன்றிலிருந்து, "டிரசரய்யா!" என்று ஒரு குரல். பாப்பாத்தி அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. அங்கே கடலை புடைக்கிற வேலை. ஒரு பொட்டலம் சூடாகக் கட்டி என் சட்டைப் பையில் திணித்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று பெயர் பெயராகச் சொன்னார். சரசு மகன் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினானாம். பஸ் வருகிற நேரத்தில் நான்தான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"தோட்டத்துப் பக்கம் போனீங்களாக்கா?"

"போகல ஐயா." முறத்தில் இருந்த கடலையை ஒருமுறை புடைத்தார். "ஆசையாத்தான் இருக்கு. பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். ஆனா புள்ளையப் பாக்க வெறுங்கையோட எப்படிப் போறது?"

பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன். அதற்கு முந்தின மாதம்தான் நான் அந்தப் பக்கம் போய்விட்டு வந்திருந்தேன். ஆஸ்பத்திரி இல்லை, லயம் இல்லை, தொட்டில் கட்டிய உத்தரம் இல்லை. கொட்டகை இருந்த இடத்திலிருந்து ஓடைப் பள்ளம்வரை மண்ணைத் தள்ளிச் சமமாக்கி, செம்பனைக் கன்று நட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் அடியில் உரம் வைத்திருந்தார்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.